குரல் தேடிச் சென்றவர்

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதிய பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ஓர் ஆண்டை மட்டும் எழுதிவிட்டு, "இந்த ஆண்டில் நடந்தது யாது?" என்று மாணவரை வினவுவேன். போர் என்பான் ஒருவன். முடிசூட்டு விழா என்பான் மற்றொருவன். இன்று உங்கள் முன்னும் அவ்வாறே ஓர் ஆண்டை எழுதுகிறேன்: 1873.

அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில், ஜெர்மானியக் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அடுத்த மாதத்தில் ரஷ்யாவின் கசான் நகரில் ஒரு குழந்தை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மற்றொரு குழந்தை. ஜூன் மாதத்தில் நம் நாட்டின் ஆசம்கர் என்னும் ஊரில் ஒரு பெண் குழந்தை. கசானில் பிறந்தவர் ஷல்யாபின். நேப்பிள்ஸில் பிறந்தவர் கரூசோ. ஆசம்கரில் பிறந்தவர் கௌஹர் ஜான். மூவரும் பாடகர்கள், தத்தம் நாட்டில் ஈடும் எடுப்பும் அற்றவர்கள். அம்மூவர் பெயரையும் இசையன்பர் அறிவர். வாஷிங்டனில் பிறந்த நான்காமவர் பாடியவர் அல்லர். ஆனால் அந்த மூவர் குரலும் இன்று நம் காதில் விழுவதற்கு அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பெயர் பிரெட் கைஸ்பெர்க். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்ற ஒரு தொழில் உலகில் உண்டாயிற்று என்றால், அத்தொழிலை முதன்முதற் செய்தவர்களுள் அவரையே தலையாயவராகச் சொல்ல வேண்டும்.

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877ஆம் ஆண்டில் என்பதை நீங்கள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். எடிசனது கருவியில் ஒலி பதிந்தது ஓர் உருளையின்மேல். உருளையில் ஒரு தொல்லை இருந்தது. ஒருவர் ஒருமுறை பாடினால் ஓர் உருளைதான் கிடைக்கும். பல கருவிகளைச் சுற்றி நிறுத்தி வைத்தால் சில உருளைகள் கிடைக்கும். நூறு உருளைகள் விற்க வேண்டுமானால் பாடகர் தொண்டை வற்றப் பலமுறை பாட வேண்டும். கைஸ்பெர்க் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அந்த உருளைத் தொழிலில்தான் நுழைந்தார். அவர் நன்றாகப் பியானோ வாசிப்பார். பாடுவோர்க்குப் பக்கவாத்தியமாக வாசித்துச் சில்லறை சம்பாதித்தார்.

பின்னர் 1890களின் தொடக்கத்தில் எமில் பெர்லினர் என்பவரைச் சந்தித்தார். பெர்லினரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். உருளைக்கு மாறாகத் தட்டையான வட்டத் தகட்டில் ஒலியைப் பதிப்பதற்கு 1887இல் காப்புரிமை பெற்றவர். இங்குதான் நீங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். துத்தநாகத் தகடு ஒன்றின்மேல் மெழுகை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் ஊசி கீறும்படி செய்வார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். மெழுகு விலகிய கீற்றை மட்டும் அமிலம் அரிக்கும். பாட்டின் தடம் உலோகத்தில் நிலைத்துவிடும். அதிலிருந்து முத்திரை அச்சு ஒன்றை வார்த்து எடுத்துக்கொண்டால், நாணயம் அடிப்பது போல ஆயிரக்கணக்கான தட்டுகளை அடிக்கலாம். பாடகர் ஒருமுறை பாடினால் போதும். உலகின் இசை வாணிகம் முழுதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்ததே.

அத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? முதலில் கெட்டியாக்கிய இரப்பரை முயன்றார்கள், சரிவரவில்லை. பிறகு பொத்தான் செய்வோர் பயன்படுத்திய அரக்குக் கலவை பொருந்தியது. பாரதத்தில் வரும் அரக்கு மாளிகையை நினைவிற் கொள்ளுங்கள், அதே அரக்குத்தான். சின்னஞ்சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின் அது. அதற்கு உலகச் சந்தையாக விளங்கியது கல்கத்தா; சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து அது வந்து சேர்ந்தது. கரூசோவின் பாட்டும் நம் நாட்டு மரத்துப் பிசினிலேதான் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் சற்று வியப்பாகவே இருக்கிறது.

1897இல் பிலடெல்பியா நகரில் கைஸ்பெர்க் ஒரு பதிவுக்கூடத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டு பெர்லினரின் கண்டுபிடிப்பை ஐரோப்பாவில் பரப்புவதற்காக லண்டனில் கிராமபோன் கம்பெனி தோன்றியதும், அதற்குப் பதிவாளராகக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 25. கருவிகளும் ஒரு சைக்கிளும் அவருடைய மூட்டை முடிச்சில் இருந்தன. மெய்டன் லேன் என்னும் தெருவில், பழைய விடுதி ஒன்றின் நிலவறையில் பதிவு தொடங்கிற்று. அருகிருந்த உணவு விடுதியில் பணிபுரிந்த சிரியா லமான்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண் முதன்முதற் பாடினார். புகழ்பெற்ற வித்துவான்கள் எவரும் அந்நிலவறைப் பக்கம் திரும்பவில்லை. கிராமபோன் ஒரு விளையாட்டுப் பொருள் என்பதே அவர்கள் எண்ணம்.

பழைய தட்டுகளில் நாய் ஒன்று கிராமபோன் பெட்டியின் முன் அமர்ந்து கேட்கும் படத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தைக் கம்பெனி வாங்கியது 1899இல். பாரோ என்னும் ஓவியர் முதலில் அதில் எடிசனின் உருளைக் கருவியைத்தான் வரைந்திருந்தார். அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துக் கிராமபோனாக மாற்றிக் கொடுத்தார். அந்த நாயோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது. வாணிகத்தில் இப்படியும் உண்டு.

1902ஆம் ஆண்டுக்கு வருவோம். கைஸ்பெர்க்கின் வாழ்விலும் இசைப்பதிவின் வரலாற்றிலும் அது மறக்க இயலாத ஆண்டு.

அவ்வாண்டு மார்ச்சில் அவர் இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்றார். லா ஸ்காலா அரங்கில் 'ஜெர்மானியா' என்ற புதிய இசைநாடகத்தில் கரூசோ பாடக் கேட்டார். கேட்டதும் இந்தக் குரலை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். பத்துப் பாடல்களுக்கு நூறு பவுன், ஒரே பிற்பகலில் பாடிக் கொடுப்பதாகக் கரூசோவிடமிருந்து விடை வந்தது. அந்நாளில் அது பெருந்தொகை. கைஸ்பெர்க் லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். தொகை மிகை என்றும், பதிவு செய்யக்கூடாது என்றும் மறுதந்தி வந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். அவர் அந்தத் தந்தியைப் பொருட்படுத்தவில்லை.

சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர் தம் மேலிடத்தின் ஆணையை மீறுவது எளிய செயலன்று. நானும் பல ஆண்டுகள் மேலிடத்து ஆணைகளைப் பெற்றுப் பணிபுரிந்தவனே. எத்தனை ஆணைகளை மீறினேன் என்று எண்ணிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணவும் வேலை இல்லை. ஆகவே அந்த இளைஞரின் துணிவு எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது. தவறியிருந்தால் நூறு பவுனோடு வேலையும் போயிருக்கும்.

கிராண்ட் ஹோட்டல் என்ற விடுதியின் அறை ஒன்றில் பதிவு நடந்தது. ஓராண்டுக்கு முன்னர் அதே விடுதியில்தான் இசைமேதை வெர்டி உயிர் நீத்தார். பியானோவைப் பெட்டிகளின்மேல் ஏற்றி வைத்தார்கள். சுவரிலிருந்து ஒரு தகரக் கூம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. மின்சாரம் எவ்விதத்திலும் பயன்படவில்லை. பாடகர் கூம்பின் வாய்க்குள் பாடுவார். அக்காற்றதிர்ச்சி கூம்பின் சிறிய முனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு பொருந்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கீறும். துத்தநாகமும் அமிலமும் போய் மெழுகு வந்துவிட்ட காலம் அது. பாடகரின் தொண்டையே அந்த ஊசியை உந்தியது என்று சொன்னால் மிகையாகாது. உச்ச ஸ்தாயியில் குரல் ஓங்கும்போது கூம்பை விட்டுப் பின்னே சாய வேண்டும். தாழும்போது முன்னே வர வேண்டும். சில பாடகர்களைப் பதிவாளரே தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவது வழக்கம். கரூசோவை அப்படி நகர்த்த வேண்டிய தேவை அதிகம் இல்லை. அவருடைய குரல் அக்கருவிக்கென்றே வாய்த்தது போல இருந்தது. பத்துப் பாடல்களையும் பாடிவிட்டு, பணத்தைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, உணவுக்கு நேரமாயிற்று என்று அவர் விரைந்து போனாராம்.

இப்பதிவு மார்ச் 18ஆம் நாள் நடந்ததாகவே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்வந்த ஆய்வாளர் ஏப்ரல் 11 என்று திருத்தினர். முதியவர் ஒருவர் நாற்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதும்போது நாள் பிறழ்வது இயல்பு. வரலாறு படிப்போர் நினைவுக்குறிப்பை நம்ப வேண்டும். ஆனால் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்ப வேண்டும்.

அத்தட்டுகள் வெளிவந்ததும் பெரும்பாடகர்களின் எண்ணம் மாறிற்று. கரூசோ பாடிய கருவியில் நாம் பாடினால் இழுக்கில்லை என்று ஒவ்வொருவராக வரலாயினர். 1905 டிசம்பரில், அறுபத்திரண்டு வயதான அடலினா பாட்டி அம்மையார் வேல்ஸ் நாட்டிலிருந்த தம் மாளிகைக்கு வருமாறு இசைந்தார். கைஸ்பெர்க்கும் அவர் தம்பி வில்லும் கருவிகளைச் சுமந்துகொண்டு சென்றனர். தம் குரலைத் தாமே முதன்முறையாகக் கேட்ட அம்மையார், மெய்ம்மறந்து கூம்பை நோக்கி முத்தமிட்டாராம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடியும் தம் குரல் எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றுவரை அறிந்ததில்லை. இதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதகுலம் தோன்றிய நாள் முதல் அந்தத் தலைமுறை வரையில் எந்தப் பாடகரும் தம் பாட்டைக் கேட்டதில்லை.

கரூசோவைப் பதிவு செய்த அதே 1902இல், செப்டம்பர் இறுதியில், கைஸ்பெர்க் கிழக்கு நாடுகளை நோக்கிக் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் 'கோரமண்டல்'. நம் சோழமண்டலக் கரையின் பெயரேதான். இசையின்மேல் கொண்ட காதலால் மட்டும் கம்பெனி அவரை அனுப்பியது என்று எண்ணிவிடாதீர்கள். கிராமபோன் பெட்டிகள் விற்க வேண்டும். இத்தாலியப் பாட்டை மட்டும் பாடும் பெட்டியைக் கல்கத்தாவில் யார் வாங்குவார்? ஆகவே அந்தந்த நாட்டுப் பாட்டு வேண்டியிருந்தது. நோக்கம் இதுவே. நோக்கம் வாணிகமாயினும் விளைவு வேறாக அமைவது வரலாற்றில் அரிதன்று.

கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரிடம், "இங்கே சிறந்த பாடகர் யார்?" என்று கைஸ்பெர்க் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பல்லாண்டுகளாக அந்நகரில் குடியிருந்தும், தெருவுக்கு அப்பால் ஒலித்த இசையை அவர்கள் கேட்டதே இல்லை. வேறு கோளில் வாழ்பவரைப்போல அவர்கள் வாழ்ந்ததாக அவர் குறைபட்டுக்கொண்டார். ஆகவே நாடகக் கொட்டகைகளுக்கும் செல்வர் வீட்டு இரவு விருந்துகளுக்கும் தாமே அலைந்து திரிந்து கேட்கத் தொடங்கினார்.

நவம்பர் 8ஆம் நாள் முதற்பதிவு நடந்தது. நாடகக் கொட்டகையில் ஆடிப்பாடிய சசிமுகி, பணிபாலா என்ற இரு சிறுமியர் பாடினர். ஒருத்திக்குப் பதினான்கு வயது, மற்றவளுக்குப் பதினாறு. அவர்கள் குரலைக் கைஸ்பெர்க் தம் நாட்குறிப்பில் இகழ்ந்தே எழுதினார். ஆனால் மூன்றாம் நாள், நவம்பர் 11இல், கௌஹர் ஜான் வந்தார்.

அம்மையார் அப்போதே பெரும்புகழ் பெற்றவர். உடலெல்லாம் பொன்னும் மணியுமாக வந்தார் என்றும், ஒருமுறை அணிந்த நகையை மறுமுறை அணிந்து வந்ததில்லை என்றும் கைஸ்பெர்க் நினைவுகூர்கிறார். வந்தவர் எதிர்கொண்ட சிக்கல் யாது? கச்சேரியில் ஒரு ராகத்தை விரித்துப் பாட நம் வித்துவான்களுக்கு அரைமணி நேரமும் போதாது. வடநாட்டு இசையிலோ ஒரு மணி நேரம்கூடச் செல்லும். விதை முளைத்து, இலை விட்டு, கிளை பரப்புவது போல ராகம் மெல்ல வளர வேண்டும். பத்து அங்குலத் தட்டில் கிடைப்பதோ ஏறக்குறைய மூன்று நிமிடம். மெழுகு தீர்ந்துவிட்டால் ஊசி நின்றுவிடும். ராகம் பாதியில் தொங்கும்.

கௌஹர் ஜான் அந்த மூன்று நிமிடத்திற்குள் ஒரு முழுமையைச் செய்து காட்டினார். சிறிது ஆலாபனை, உடனே பாட்டு, விரைவான தானங்கள், முடிவில் ஒரு வினாடி நிறுத்தம். பின்னர்த் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று அங்கேதான் அச்சாக வேண்டும். அங்குள்ள தொழிலாளருக்கு இந்துஸ்தானி தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அறிய அந்தப் பெயர் அறிவிப்புத் துணையாயிற்று. பின்னாளில் அதுவே ரசிகரைக் கவர்ந்த முத்திரை ஆயிற்று.

கைஸ்பெர்க் அதிகமாகப் பதிவு செய்தது பெண் குரல்களையே. பெயர்பெற்ற உஸ்தாத்கள் பலர் முதலில் தயங்கினர். கூம்புக்குள் பாடினால் குரல் கெடும் என்ற அச்சம் ஒருபுறம். தலைமுறை தலைமுறையாகக் காத்த வித்தை கடைத்தெருவில் விலைபோகும் என்ற கவலை மறுபுறம். இரண்டாவது கவலை வீண் கவலை என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பப் பெண்கள் பொதுவில் பாடும் வழக்கமோ இல்லை. எஞ்சியவர்கள் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த கணிகையரும் நாடக நடிகையரும். பாட்டைக் கேட்கும் வரை அவர்களைப் போற்றி, கேட்டபின் அவர்களை இகழ்ந்த உலகம் அது. இழப்பதற்கு மதிப்பு எதுவும் இல்லாதவர்களே புதிய கருவியை அஞ்சாமல் நெருங்கினர். ஆகையால் நம் நாட்டு இசைப்பதிவின் முதல் ஏடு அவர்கள் குரலால் எழுதப்பட்டது. கௌஹர் ஜானின் பிற்காலம் துன்பமாகவே கழிந்தது. வழக்குகளில் செல்வம் கரைந்தது. இறுதியில் மைசூர் அரசரின் ஆதரவை நாடி வந்து, 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார்.

கல்கத்தாவில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தட்டுகள் பதிவாயின. அரக்கு இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது; பாட்டும் இங்கிருந்தே சென்றது. இரண்டும் ஹனோவரில் ஒன்றாகித் தட்டாகத் திரும்பி வந்து இங்கே விலைக்கு விற்றன. பருத்தியை அனுப்பித் துணியை விலைக்கு வாங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள், அதே கதைதான். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கம்பெனி ஒரு தொழிற்சாலையை நிறுவிய பின்னரே தட்டுகள் இங்கேயே அச்சாகத் தொடங்கின.

கைஸ்பெர்க் அங்கிருந்து மேலும் கிழக்கே சென்றார். 1903 பிப்ரவரியில் டோக்கியோவில் அரசவைச் சங்கீதம் முதலியவற்றைப் பதிந்தார். பிறகு ஷாங்காய், ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக், ரங்கூன். ஷாங்காயில் பதிவு செய்த பாடல்களுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தமக்குப் புலப்படவில்லை என்று நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார்; சீன இசையை வெறும் ஆரவாரம் என்றும் எழுதினார். இது அவருடைய குறைபாடே. கரூசோவை ஒரே இரவில் அறிந்துகொண்ட செவி, சீன இசையின் வாயிலில் நின்றுவிட்டது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமக்கு விளங்காத இசையையும் அவர் ஒழுங்காகப் பதிந்து, எண்ணிட்டு, உடையாமல் அனுப்பி வைத்தார். அவருக்கு விளங்காதவை அந்நாட்டு மக்களுக்கு விளங்கின.

இங்கே என் சொந்த நினைவு ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டனார் வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டைப் பாட்டனார் தவிர வேறு எவரும் தொடக்கூடாது. கிட்டப்பா 1933இல், தம் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அரங்கில் அவரைக் கேட்டவர்களும் இன்று இல்லை. அந்தத் தட்டுகளைத் தவிர அக்குரலுக்கு வேறு சான்று உலகில் கிடையாது. அதைப் பதிவு செய்தவர் கைஸ்பெர்க் அல்லர். ஆனால் அவர் போட்ட பாதையில் வந்தவர்களே அதைப் பதிவு செய்தனர்.

முதல் உலகப் போர் கைஸ்பெர்க்கின் குடும்பத்தையும் தீண்டாமல் விடவில்லை. 1918 அக்டோபரில் தம்பி வில், போர்முனை ஒலியைப் பதிவதற்காகப் பிரான்சிலுள்ள லீல் நகரை அடுத்த பகுதிக்குச் சென்றார். ஆங்கிலப் பீரங்கிகள் நச்சுவாயுக் குண்டுகளை எறிந்த ஓசையைப் பதிவு செய்து திரும்பினார். அங்கே நச்சுவாயு அவர் உடலைத் தாக்கியிருந்தது. அதன்மேல் விஷக்காய்ச்சலும் வந்து சேர, நவம்பர் 5ஆம் நாள் இறந்தார். இன்னும் ஆறு நாளில் போர் முடிந்துவிட்டது.

1925இல் ஒலிவாங்கி வந்தது. தகரக் கூம்பு ஒழிந்தது. வயலினுக்குக் கூம்பு பொருத்தி வாசித்த விந்தையும் ஒழிந்தது. முழு வாத்தியக் குழுவையும் உள்ளபடியே பதிவு செய்ய இயன்றது. கைஸ்பெர்க் அப்போது ஐம்பதைக் கடந்தவர். கம்பெனியின் கலைப்பகுதிக்கு மேலாளர். பழைய தொழிலில் தேர்ந்தவர்கள் புதிய கருவியை வெறுப்பதுண்டு. அவரோ இளைஞர்போல அதனை ஏற்றுக்கொண்டார். 1931இல் கம்பெனிகள் இணைந்து ஈ.எம்.ஐ. என்ற பெருநிறுவனம் ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் ஆபி சாலையில் புதிய பதிவுக்கூடம் திறக்கப்பட்டபோது, ஆங்கில இசைப்புலவர் எல்கார் வாத்தியக் குழுவை நடத்தினார்.

எல்காரின் படைப்புகள் அவர் உயிரோடிருக்கும்போதே, அவர் கையாலேயே பதிவாக வேண்டும் என்பது கைஸ்பெர்க்கின் விருப்பம். எல்காரின் வயலின் கான்செர்ட்டோ கிரைஸ்லர் என்னும் மேதைக்குக் காணிக்கையாக்கப்பட்டது. கிரைஸ்லர் பதிவுக்கு நாள் கொடுக்காமல் காலம் கடத்திக்கொண்டே வந்தார். எல்காருக்கோ வயது எழுபத்தைந்து. இனியும் காத்திருக்க முடியாது என்று கண்ட கைஸ்பெர்க், பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். அச்சிறுவன் யெஹுதி மெனுஹின். ஒத்திகையில் சிறுவன் சிறிது வாசித்ததும், இனி ஒத்திகையே வேண்டா என்று சொல்லிவிட்டு முதியவர் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டாராம். 1932 ஜூலையில் பதிவு நடந்தது. அத்தட்டு வெளிவந்த நாள் முதல் இன்றுவரை விலைக்குக் கிடைக்காத காலமே இல்லை எனலாம். அந்த மெனுஹினே 1952இல் நேருவின் அழைப்பை ஏற்று நம் நாட்டுக்கு வந்து, நம் இசைக்கு வாழ்நாள் நண்பரானார்.

1934 ஜனவரியில் எல்கார் வூஸ்டர் நகரில் மரணப்படுக்கையில் இருந்தார். நோவு தணிக்க மருந்து கொடுத்து வந்தனர். கைஸ்பெர்க் ஓர் ஏற்பாடு செய்தார். ஆபி சாலைப் பதிவுக்கூடத்திலிருந்து நூறு மைலுக்கு அப்பால் இருந்த அந்தப் படுக்கையறை வரை தொலைபேசிக் கம்பியால் இணைப்பு உண்டாக்கினார். ஜனவரி 22ஆம் நாள் லண்டனில் வாத்தியக் குழு எல்காரின் படைப்பை வாசித்தது; படுக்கையில் கிடந்தவாறே அவர் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்; ஒலிவாங்கி வழியாகத் திருத்தம் சொன்னார். இந்த இடத்தை இன்னும் மெல்ல வாசியுங்கள், அதை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள் என்று அவர் கூறியதைக் குழுவினர் கேட்டு அவ்வாறே செய்தனர். கைஸ்பெர்க் படுக்கையருகிலேயே இருந்தார். ஒரு மாதம் கழித்து எல்கார் காலமானார்.

அப்பத்தாண்டில் கைஸ்பெர்க் முடித்த வேலைகள் பல. கிராமபோனுக்கு வாசிக்கவே மாட்டேன் என்றிருந்த ஷ்னாபெல் என்பவரை இணங்கச் செய்து, பீத்தோவனின் முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களையும் 1932 முதல் 1935 வரை பதிவு செய்வித்தார். இதற்கு வாங்குவோரிடமிருந்து முன்பணம் திரட்டும் முறையைக் கம்பெனி கையாண்டது. யாரும் வாங்காமற் போனால் என்ன செய்வது என்ற அச்சம் நீங்கிற்று. பாக் இயற்றிய செல்லோத் தொகுதிகளைக் காசல்ஸ் 1936இல் தொடங்கி 1939இல் வாசித்து முடித்தார். அவர் பிறந்த ஸ்பெயின் நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

ஆனால் வியன்னா நகரத்துப் பதிவைப்பற்றி விரித்தே கூற வேண்டும். 1938 ஜனவரி 16ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வியன்னா பில்ஹார்மானிக் குழு, மாலர் என்பார் இயற்றிய ஒன்பதாம் சிம்பொனியை அரங்கில் வாசித்தது. நடத்தியவர் மாலரின் மாணவரான புரூனோ வால்டர். அந்தப் படைப்பு முன்னர் ஒருபோதும் தட்டில் பதிவானதில்லை. எழுபது நிமிட இசை. நான்கு நிமிடத்துக்கு ஒரு தட்டின் பக்கம் தீர்ந்துவிடும். மக்கள் நிறைந்த கச்சேரியை நடுவில் நிறுத்த முடியாது. ஆகவே ஒரு கருவி ஓய்வதற்குள் மற்றொரு கருவி தொடங்கும்படி மாற்றி மாற்றி ஓட்டினர். இருபது பக்கங்களில் சிம்பொனி அடங்கிற்று. கேட்டவர்களின் இருமலும் அதிற் பதிந்திருக்கிறது.

மாலர் யூதர், வால்டரும் யூதர். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வால்டர் அங்கிருந்து விரட்டப்பட்டு வியன்னாவில் புகலடைந்திருந்தார். அந்தக் கச்சேரிக்குப்பின் இரண்டு மாதம்கூட முழுமையாகச் செல்லவில்லை. மார்ச் 12ஆம் நாள் ஜெர்மன் படைகள் ஆஸ்திரியாவினுள் புகுந்தன. குழுவிலிருந்த யூதர்கள் நீக்கப்பட்டனர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் குழுவுக்குத் தலைமை வயலின் வாசித்த ஆர்னால்டு ரோசே, மாலரின் தங்கை கணவர், முதுமையில் லண்டனுக்கு ஓடிப் பிழைத்தார். வேறு சிலர் முகாம்களில் மாண்டனர். மாலரின் இசை ஏழு ஆண்டுகள் அந்நகரில் தடைசெய்யப்பட்டது. நாடிழந்த வால்டருக்கு மாதிரித் தட்டுகள் பாரிஸ் நகரில்தான் கிடைத்தன. அங்கே கேட்டு அவர் இசைவளித்த பின்னரே அவை வெளியாயின. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கைஸ்பெர்க் வியன்னாவுக்கு வராமல், அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அடுத்த பருவம் என்ற ஒன்று வந்திருக்காது.

1939இல் அவர் ஓய்வு பெற்றார். மணம் செய்துகொள்ளாதவர், லண்டனிலேயே தங்கி, தம் நினைவுகளை நூலாக எழுதினார். 1951 செப்டம்பர் 2ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், அங்கேயே இறந்தார். இசையை நான்கு நிமிடத் துண்டுகளாக வெட்டி வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டுகளை அவருடைய கம்பெனி இங்கிலாந்தில் வெளியிட்டது அடுத்த ஆண்டு அக்டோபரில்.